அம்மாவுக்குச் சொல்லாத பரீட்சை

ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை நான் வீணாக்கினேன். சுற்றி வளைத்தே பழகிய வாய் என்னுடையது என்பதால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எனக்கு உறவில்லை, ஊரில்லை, ஒரே மொழிகூட இல்லை. கொலம்பியாவிலிருந்து வந்தவள். ஒக்லாந்தில் நான் வேலை செய்யும் கல்வி நிறுவனத்தில் தாதியர் படிப்பில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வழியில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கற்றல் ஆலோசகர் என்று என் அறைக் கதவில் எழுதியிருக்கிறது. கட்டுரை எழுதத் தெரியாமல் முழிக்கிறவர்கள், ஒரு பாடத்தை, இங்கே அதைப் பேப்பர் என்பார்கள், கோட்டை விட்டவர்கள், வகுப்புக்குப் போகாமல் ஒளித்துத் திரிகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் என் மேலாளர் கூப்பிட்டார். ஸ்பானிய மொழி பேசும் மாணவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள், அநேகம் பேர் தங்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள், அவர்களுக்கென்று ஒரு குழு தொடங்கப்போகிறோம், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு அந்த மொழியில் நன்றி சொல்லக்கூடத் தெரியாதே என்றேன். நீயும் அகதியாக வந்தவள்தானே என்றார். நல்ல மனிசி. ஆனால் அகதிகள் எல்லாரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள் என்று அவவுக்கு ஒரு நினைப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது, பொய் ஏன் சொல்வான்.

முதல் நாள் பதினொரு பேரும் ஒவ்வொருவராக வந்து கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொன்னார்கள். நான் கைகுலுக்கக் கையை நீட்டியபடி நின்றேன். மீசை அரும்பிய ஒருவன் கன்னத்தைக் கொண்டுவர, நான் பின்வாங்கிப் பிரிண்டரில் முட்டி, அது தன்பாட்டில் வெள்ளைத்தாள்களைத் துப்பத் தொடங்கியது. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேரத்துக்கு வரமாட்டார்கள், வந்தால் போகமாட்டார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். இதுகள் எங்கே படித்துக் கிழிக்கப்போகுதுகள் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்து ரியூஷன். பழைய வினாத்தாள்களை அடுக்கி வைத்து, நேரம் குறித்து, திரும்பத் திரும்பச் செய்விப்பது. அதை அவர்களிடம் காட்டினேன். பிழை விட்டால் முறைத்தேன், சரியாகச் செய்தால் இன்னொன்றைக் கொடுத்தேன். ஆச்சரியம் என்னவென்றால் அது வேலை செய்தது. முதல் வருட முடிவில் ஒருவரும் விலகவில்லை. நான் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபடி, என்னுடைய ஸ்பானியப் பிள்ளைகள் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் பெருமையாகப் புளுகினேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அந்தப் பதினொரு பேரில் இவள் மூத்தவளும் இல்லை, கெட்டிக்காரியும் இல்லை. ஆனால் விடாப்பிடி. பதின்மூன்று வயதில் தாயோடு மட்டும் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறாள். தாய் எல்லர்ஸ்லியில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தாள். பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் ஒரு சின்ன வாடகை வீடு. தாய்க்கு ஆங்கிலம் வராது; வீட்டுக்காரனோடு கதைப்பது, டொக்டரிடம் கதைப்பது, கடிதங்களை வாசித்துச் சொல்வது எல்லாம் மகள்தான். அவளோடு நான் கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் நினைவில் எல்லாமே என் தமிழில்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவளிடம் எனக்குப் பிடிபடாத பழக்கம் ஒன்று இருந்தது. எதுவானாலும் உடனே தாய்க்குச் சொல்வாள். கட்டுரைக்கு என்ன புள்ளி, விரிவுரையாளர் என்ன சொன்னார், எந்தக் கேள்வி விளங்கவில்லை, எல்லாம். பரீட்சை மண்டபத்துக்குள் போகமுன் வாசலில் நின்று தாயை அழைத்து ஆசி கேட்பாள். தாய் இரண்டு வசனம் சொல்வாள். அதன் பிறகுதான் உள்ளே போவாள். ஒருமுறை நாற்பத்தெட்டுப் புள்ளி எடுத்துத் தோற்ற ஒரு சின்னச் சோதனையைக்கூட என் அறையிலிருந்தே தாய்க்குச் சொல்லி, இருவரும் தொலைபேசியில் சேர்ந்து ஒப்பாரி வைத்து, பிறகு சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பிள்ளை, எல்லாத்தையும் அம்மாவுக்குச் சொல்லத்தான் வேணுமோ?" என்று கேட்டேன்.

"வேற ஆருக்குச் சொல்லுறது மிஸ்?" என்றாள்.

எங்கள் வீட்டில் தாய் தகப்பனுக்கு நல்ல செய்தி மட்டும்தான் போகும். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தால் சொல்வோம், பத்தாம் பிள்ளையாக வந்தால் தலையிடி என்று படுத்துவிடுவோம். கஷ்டப்பட்டு எங்களைக் கரை சேர்த்தவர்கள், அவர்களுக்கு மனக்கஷ்டம் கொடுக்கக்கூடாது, அதுதான் பாசம் என்று வளர்ந்தோம். நான் இங்கே பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் புள்ளியியலில் தோற்றேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அடுத்த கோடையில், இங்கே கோடை டிசம்பர், ஜனவரியில்தான், சத்தமில்லாமல் திரும்ப எழுதித் தேறினேன். அப்பா கண்ணை மூடும்வரை அவருக்குத் தெரியாது. இதை நான் என் சாதனைகளில் ஒன்றாக எண்ணியிருந்தேன். அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக அந்த நவம்பர்வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நவம்பரில் மருந்தியல் பரீட்சை. தாதியர் படிப்பில் அது முக்கியமான பேப்பர். அதில் தேறாவிட்டால் மூன்றாம் வருட மருத்துவமனைப் பயிற்சிக்கு விடமாட்டார்கள். பயிற்சி இல்லையென்றால் அந்த வருடமே இல்லை. அவள் அந்தப் பேப்பரைக் கரைத்துக் குடித்திருந்தாள். பழைய வினாத்தாள் ஏழு செய்வித்தேன், ஏழிலும் நல்ல புள்ளி. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குப் பரீட்சை. ஆறு மணிக்குத் தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் விழுந்தாள். அம்புலன்ஸ். பித்தப்பையில் கல், உடனே சத்திரசிகிச்சை. அங்கே தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஆனால் தாய் மகளின் கையை விடவில்லை. மயக்கமருந்து கொடுக்க வந்தபோது, உனக்கு இன்றைக்கு வகுப்பு இல்லையா என்று மட்டும் கேட்டாளாம். இல்லை அம்மா, இன்றைக்கு லீவு என்று இவள் சொல்லியிருக்கிறாள். பரீட்சை என்றால் தாய் தன்னைத் துரத்திவிடுவாள் என்ற பயம். அந்த ஒரு பொய் அவளுடையது. அதன் பிறகு வந்ததெல்லாம் என்னுடையவை.

வியாழக்கிழமை என் அறைக்கு வந்தாள். தலைகூட வாரி இழுக்கவில்லை, கண் வீங்கியிருந்தது. நான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உடனே விதியைச் சொன்னேன், அதுவும் வடிவாகத்தான், ஒன்றும் விடாமல் சொன்னேன். நோய், விபத்து, குடும்ப அவசரம் காரணமாகப் பரீட்சையைத் தவறவிட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரு படிவம் கொடுக்கலாம். மருத்துவமனைக் கடிதம் ஒன்று கட்டாயம். கிடைத்தால், இன்னொரு நாளில் பரீட்சை எழுத விடுவார்கள். அதற்காகத்தான் அந்த விதியே இருக்கிறது.

"கடிதம் வேணுமெண்டால் அம்மாதான் கேக்கோணும் மிஸ். அவதான் நோயாளி, அவவிட கையெழுத்து இல்லாமல் தரமாட்டினம் போல. அப்ப நான் சோதினைய விட்டது அவவுக்குத் தெரியவரும்."

"தெரிஞ்சால் என்ன செய்வா?"

"தன்னாலதான் எண்டு அழுவா. ஆனால் சொல்லத்தான் வேணும் மிஸ். இண்டைக்கு வீட்டுக்கு வந்திடுவா, பின்னேரம் சொல்லப்போறன்."

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பிள்ளை தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஓம், போய்ச் சொல்லும், நாளைக்குப் படிவத்தை நிரப்புவோம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எனக்குள் இருந்த பெரிய மனிசி எழும்பிவிட்டாள்.

"இஞ்சை பாரும்," என்றேன். "உம்மட அம்மா வயித்தை வெட்டிப்போட்டுப் படுத்திருக்கிறா. இந்த நேரத்தில போய், உங்களாலதான் என்ர சோதினை போச்சு எண்டு சொல்லப்போறீரோ? அவ தாங்குவாவோ?"

"நான் அப்பிடிச் சொல்லமாட்டன் மிஸ்..."

"நீர் எப்பிடிச் சொன்னாலும் அவவுக்கு அப்பிடித்தான் கேக்கும். சும்மா இரும். ஜனவரியில கோடைகால வகுப்பு இருக்கு. போன வருஷமும் இந்தப் பேப்பர் இருந்தது. திரும்ப எடுத்துப் பாஸ் பண்ணும். பெப்ரவரியில பயிற்சிக்குப் போயிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் கவலை இல்லை."

பிறகு என் புள்ளியியல் கதையைச் சொன்னேன். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது என்பதைச் சொல்லும்போது, இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லாமல் நான் ஒண்டும் செய்யிறேல்ல மிஸ்," என்றாள்.

"பெரிய பிள்ளையாய் வளந்தால் சில விஷயத்தை நாங்கள்தான் சுமக்கோணும்," என்றேன். எவ்வளவு அழகான வசனம்! நாக்கைப் பிடுங்கலாம் போல இருக்கிறது. அவள் தன் கைகளைப் பார்த்தபடி, சரி மிஸ் என்றாள். போகும்போது நன்றியும் சொன்னாள்.

அந்த வருடம் கோடைகால வகுப்பில் மருந்தியல் பேப்பர் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. கணினியில் இரண்டு தட்டுத் தட்டினால் தெரிந்திருக்கும். போன வருடம் இருந்தது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த செவ்வாய் வந்தது, ஐந்து வேலை நாட்கள் போயின. டிசம்பர் தொடக்கத்தில் எல்லா ஆலோசகர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. கோடையில் நடக்கும் பேப்பர்களின் பட்டியல். மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். மருந்தியல் இல்லை. மாணவர்கள் போதாது என்று அந்த வருடம் எடுத்துவிட்டார்கள்.

அட கோதாரி! உடனே அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. நாளைக்குச் சொல்வோம், ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று பதினொரு நாள் இழுத்தேன். அந்தப் பதினொரு நாளில் ஒரு வழியும் பார்க்கவில்லை, மின்னஞ்சலை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். வீட்டில் என் மனிசனிடம் சொன்னேன். பெப்ரவரியில் என் கொன்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிப்பதா இல்லையா என்று அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப போய் ஏன் வாயைக் குடுக்கிறாய்? அது கையெழுத்தாகட்டும்," என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் கேட்டேன்.

அவளே கண்டுபிடித்துவிட்டாள். கோடை வகுப்புக்குப் பதியப் போய், பேப்பர் இல்லை என்று தெரிந்து, நேராக என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் கதிரையில் இருக்கவுமில்லை. கதவடியில் நின்றபடி கேட்டாள்.

"மிஸ், இப்பவாவது அம்மாவுக்குச் சொல்லட்டா?"

தன் சொந்தத் தாயிடம் கதைக்க என்னிடம் அனுமதி கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். தாயை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். குள்ளம், இறுகக் கட்டிய தலைமயிர், வேலை உடுப்பின் மேலே ஒரு கம்பளிச் சட்டை. வயிற்றில் ஒரு கையை வைத்தபடிதான் கதிரையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அகதியாக வந்த எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். யார் எந்தக் கடதாசியைத் தந்தாலும் அதற்குள் போகும், எதையும் எறியமாட்டோம்.

அவள் அதைத் திறந்து, ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்து, கையால் நீவிவிட்டாள். மருத்துவமனைக் கடிதம். அந்தச் செவ்வாய்க்கிழமையின் திகதி. காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை இந்த நோயாளியுடன் அவருடைய மகள் இருந்தார், மகளின் முழுப்பெயர், கீழே கையெழுத்து, முத்திரை.

"அம்மா ஆஸ்பத்திரியில நேர்சிட்டக் கேட்டு வாங்கியிருக்கிறா," என்றாள் மகள். அவள் குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. "காலேஜ்காரர் கேட்டால் காட்டலாமெண்டு. வீட்டுக்கு வந்தண்டைக்குப் பின்னேரமே என்னட்டக் கேட்டவ, இந்தக் கடிதம் உனக்குத் தேவைப்படுமோ எண்டு. நான் தேவையில்லை, அண்டைக்கு எனக்கு ஒண்டும் இருக்கேல்ல எண்டு சொன்னனான்."

அந்த வியாழக்கிழமை பின்னேரம். என் அறையிலிருந்து போய் நாலு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. கடிதத்தைத் தாய் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். பிள்ளை அம்மா என்று அழுதபடி உண்மையைச் சொல்லியிருந்தால், அடுத்த நாள் காலையே படிவம் போயிருக்கும். நான் அதன் வாயைக் கட்டி அனுப்பியிருந்தேன்.

தாய் மகளைப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் என்ன கேட்டாள் என்பது விளங்கிவிட்டது. எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள். மகள் என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்து மெதுவாக, நீளமாகப் பதில் சொன்னாள். தாய் அழுதாள். மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், பிறகு அதே தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"என்ன கேட்டவ?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"ஆர் உனக்கு மறைக்கச் சொல்லித் தந்தது எண்டு."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஒருத்தரும் இல்லை, நானாத்தான் எண்டு."

எனக்கு ஆங்கிலம் தெரியும். தாயைப் பார்த்து, இல்லை அம்மா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்லவும், இதை உன் அம்மாவுக்குச் சொல் என்று மகளிடம் சொல்லவும் எனக்கு வாய் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த மனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்து, திரும்பத் திரும்ப நன்றி சொன்னாள். அந்த ஒரு சொல்லை அதற்குள் நான் படித்திருந்தேன். நன்றியை வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை என்று தலையும் ஆட்டினேன். சீ.

இன்னும் ஒரு வழி இருந்தது. படிவத்தைப் பிந்திக் கொடுத்தால், ஏன் பிந்தியது என்று ஆலோசகர் ஒரு விளக்கம் எழுதலாம். அதைப் பார்த்து ஒரு குழு முடிவெடுக்கும். ஆலோசகரான நான் பிழையான ஆலோசனை சொன்னேன், அதனால்தான் மாணவி விண்ணப்பிக்கவில்லை. இந்த ஒரு வரி போதும். நிறுவனத்தின் பிழை என்றால் அவர்கள் ஏற்றுத்தான் ஆக வேண்டும். அந்த வரியை எழுதினேன். பார்த்தேன். அழித்தேன். பெப்ரவரிக் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் நின்றது. கடைசியில் நான் எழுதி அனுப்பியது இது: குடும்ப, பண்பாட்டுக் காரணங்களினால் மாணவிக்கு இந்த நடைமுறை சரிவர விளங்கியிருக்கவில்லை.

பண்பாடு! யாருடைய பண்பாடு? தாய்க்கு எல்லாவற்றையும் சொல்கிற பண்பாடு அவளுடையது. ஒளிக்கிற பண்பாடு என்னுடையது. என் அழுக்கை அவள் தலையில் துடைத்துவிட்டு, நல்ல ஆங்கிலத்தில் கையெழுத்தும் போட்டேன்.

நத்தார் விடுமுறை முடிந்து, ஜனவரி நடுவில் பதில் வந்தது. நிராகரித்துவிட்டார்கள். உரிய காலத்துக்குள்ளேயே மாணவி ஆலோசகரைச் சந்தித்திருக்கிறார், நடைமுறை அவருக்கு விளக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது, ஆகவே காரணம் போதாது. அந்தப் பதிவையும் நான்தான் அந்த வியாழக்கிழமையே கணினியில் போட்டிருந்தேன். விதியை விளக்கினேன் என்று மட்டும் எழுதியிருந்தேன். மற்றதை எழுதவில்லை.

முடிவுக் கடிதத்தோடு என் விளக்கத்தின் பிரதியையும் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் என் அறைக்கு வந்தாள். கையில் அந்தத் தாள்.

"நீங்கள் எழுதினதை வாசிச்சனான் மிஸ்."

நான் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கினேன்.

"எனக்கு விதி விளங்கினது. நீங்கள் வடிவா விளங்கப்படுத்தினனீங்கள்."

அவ்வளவுதான் சொன்னாள். அதைக் கோபத்தில் சொல்லவில்லை. என் கெட்டித்தனத்தை யாரோ குறைத்து எழுதிவிட்டார்கள் என்று எனக்காகப் பரிந்து கதைக்கிற மாதிரிச் சொன்னாள். நான் கூனிக் குறுகிப்போய் இருந்தேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். யாருக்காக அழுதேன் என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்லமுடியாது.

அன்றைக்கே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையான விளக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். குழு அதை ஏற்றுக்கொண்டது, மறுபடி பரீட்சையும் வைத்தார்கள். அவள் எண்பத்திரண்டு எடுத்தாள். ஆனால் மருத்துவமனைப் பயிற்சிக்கான இடங்களெல்லாம் அதற்குள் நிரம்பிவிட்டன. அடுத்த பெப்ரவரிதான் என்றார்கள். டிசம்பரில் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இடம் இருந்திருக்கும். இதை மேலாளரே பட்டியலைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. நீ நேர்மையாக வந்து சொன்னது பெரிய விஷயம், இதிலிருந்து நாங்கள் எல்லாரும் கற்றுக்கொள்ளலாம் என்றார் மேலாளர். என் கொன்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது பேனையைப் பிடிக்கவே அருவருப்பாக இருந்தது. போட்டேன்தான்.

நாங்கள் எப்சம் என்ற பகுதியில் குடியிருப்பதே என் மகளின் பள்ளிக்கூடத்துக்காகத்தான். ஒருநாள் காரில் போகும்போது அவளிடம் கேட்டேன், நீ ஒரு சோதினையில் பெயில் ஆனால் எனக்குச் சொல்லுவியா என்று. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "டிபெண்ட்ஸ்" என்றாள். எதைப் பொறுத்து என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த வருடம் முழுக்க அந்தக் கொலம்பியப் பிள்ளை ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தாள். கூடப் படித்தவர்கள் மூன்றாம் வருடம் போய்விட்டார்கள். குழுவுக்கும் அவள் வருவதில்லை. என்னால் தாங்க முடியவில்லை. தாய்க்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஒரு ஞாயிறு பின்னேரம், வரட்டுமா என்று கேட்டுவிட்டு, பிளாக்ஹவுஸ் பேக்குப் போனேன். வெறுங்கையோடு போகப் பழக்கமில்லை. மீன் ரோல்ஸ் செய்து எடுத்துப் போனேன். தாய் வாசலுக்கே வந்து கட்டிப்பிடித்தாள். ரோல்ஸைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டினாள். கோப்பி ஊற்றினாள்.

நான் மகளைப் பார்த்து, "நான் சொல்லுறதை அப்பிடியே அம்மாவுக்குச் சொல்லும்," என்றேன். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். உங்கள் மகள் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தாள். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். பிறகு உங்கள் முன்னாலேயே, அவள் பழியைத் தன் தலையில் போட்டபோதும் பேசாமல் இருந்தேன். அவளுடைய வருடம் போனது என்னால். என்னை மன்னியுங்கள் என்று சொல்லும்போது என் குரல் உடைந்தது.

மகள் தாயின் பக்கம் திரும்பிச் சொன்னாள். இரண்டு மூன்று வசனம்தான். தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் மாறும் என்று காத்திருந்தேன். கோபம் வரட்டும், என்னை வெளியே போகச் சொல்லட்டும். தாய் பரிவோடு சிரித்தாள். எழுந்து வந்து என் தலையைத் தடவினாள். இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கோப்பியைக் கலக்கி என் கையில் தந்தாள். பிறகு ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"நான் சொன்னதைச் சொன்னனீரோ?" என்றேன்.

"இல்லை மிஸ்."

"அப்ப என்ன சொன்னீர்?"

"உங்கட அப்பா செத்த கவலையெண்டு சொன்னன்." அவள் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு உங்களில நல்ல விருப்பம். தெரிஞ்சால் தாங்கமாட்டா. இப்ப நான் அவவுக்கு எல்லாம் சொல்லுறேல்ல மிஸ். அதுதான் அவவுக்கும் நல்லது."